ஊராட்சிக் கணக்கை ஊரார் சரிபார்ப்பது எப்படி

ஒரு கிராம ஊராட்சியின் செலவுப் பட்டியலில் "மேல்நிலைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் 50 கிலோ" என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியைத் தணிக்கை செய்யும் அலுவலருக்குக் கடைக்காரர் கொடுத்த பட்டியலும் (பில்) கையொப்பமும் சரியாக இருக்கின்றனவா என்பது தெரியுமே தவிர, மருந்து தொட்டிக்குள் போனதா என்பது தெரியாது. பல வாரமாகத் தண்ணீரில் மருந்து வாடையே இல்லை என்பது குழாயடியில் குடம் வைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அந்த வரியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஊராட்சிகளில் நடக்கும் முறைகேடுகளில் பெரும்பகுதி, ஏட்டில் உள்ளதும் ஊராருக்குத் தெரிந்ததும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருப்பதால்தான் நடக்கிறது. அவ்விரண்டையும் உரிய காலத்தில், சண்டையில்லாமல், ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் வழிகளை இங்கே விளக்குகிறேன். தமிழ்நாட்டில் உள்ள சுமார் 12,500 கிராம ஊராட்சிகளையும், அவற்றை ஆளும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது.

பணம் எந்த வழியாகப் போகிறது

கேள்வி கேட்பதற்கு முன், பணம் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிராம ஊராட்சிகள் வழக்கமாக மூன்று வங்கிக் கணக்குகளைப் பராமரிக்கின்றன. முதல் கணக்கு ஊராட்சியின் பொது நிதி. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், குத்தகை வருவாய் போன்றவை இதில் சேர்கின்றன. இரண்டாவது, மின்கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் செலுத்த வேண்டிய தொகைக்கும் ஒதுக்கப்பட்டது. மூன்றாவது திட்ட நிதிக்கானது. "ஊராட்சியில் பணமே இல்லை" என்று சொல்லப்படும்போது, எந்தக் கணக்கில் இல்லை என்று கேட்டாலே பேச்சு தெளிவாகிவிடும். மத்திய நிதிக்குழு மானியத்துக்குத் தனி நிபந்தனை உண்டு. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் 15ஆவது நிதிக்குழு வகுத்தபடி, அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்ட தொகை. அதிலிருந்து வேறு வேலைக்கு எடுத்திருந்தால், வேலை நன்றாக நடந்திருந்தாலும் கேள்விக்குரியதுதான். இந்த மானியத்தில் என்ன திட்டமிட்டார்கள், எதற்குப் பணம் வழங்கினார்கள் என்பதை இ-கிராம் சுவராஜ் தளத்தில் ஊராட்சியின் பெயரையும் ஆண்டையும் கொடுத்து யாரும் பார்க்கலாம்.

தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் காசோலை செல்லும் என்பது சட்டத்தின் 188ஆம் பிரிவு வைத்த பூட்டு. இப்போது பெரும்பாலான பணம் மின்னணுக் கையொப்பத்தின் வழியே போகிறது. கையொப்பத்துக்கான சிறு கருவிகளையும் அவற்றின் கடவுச்சொற்களையும் ஒரே ஆளின் மேசை இழுப்பறையில் விட்டுவைத்தால் அந்தப் பூட்டுக்குப் பொருளே இல்லை. ஆகவே, கையொப்பக் கருவி உரியவரின் கையிலேயே இருக்கிறதா என்பது வார்டு உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலமும் உண்டு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் உறுப்பினர் கூட்டமும் துணைத் தலைவரின் கையொப்பமும் இல்லாமற் போவதால், கிராம சபை ஒன்றே ஊரார் கையில் மிஞ்சும் கருவி.

கிராம சபைக்கு முன்பும் கூட்டத்திலும்

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் 2022ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டதால், இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் குறைவெண் வரம்பு (கோரம்) நிறையும்.

முறைகேட்டுக்கு இடம் கொடுக்கும் பழக்கம் ஒன்று இங்கேயே இருக்கிறது. வருகைக்கான கையொப்பத்தை வாசலில் வாங்கிக்கொண்டு, தீர்மானங்களைப் பின்னர் சாவகாசமாக எழுதிக்கொள்வது பல ஊர்களில் நடைமுறையாகிவிட்டது. கையொப்பமிட்டவர், தாம் கேட்டிராத தீர்மானத்துக்கும் சம்மதித்தவராகிவிடுகிறார். இதற்கான மருந்து எளியது. கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானங்கள் புத்தகத்தில் எழுதப்பட்டு உரக்கப் படிக்கப்பட வேண்டும். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு போடப்பட்டு, கூட்டத்தைக் கவனிக்க வந்திருக்கும் அலுவலரான பற்றாளரும் கையொப்பமிட வேண்டும். அந்தப் பக்கங்களை அங்கேயே நான்கைந்து பேர் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். படம் எடுப்பது குற்றம் என்று யாராவது சொன்னால், அது ரகசிய ஆவணமில்லை என்பதைப் பணிவாக நினைவூட்டலாம்.

கூட்டத்தில் வரவு செலவைப் படிப்பதோடு, படிவம் 30 எனப்படும் வரவு செலவுச் சுருக்கத்தை மக்கள் பார்க்கும்படி பிளக்ஸ் பேனரில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு கிராம சபைக்குமான கூட்டப்பொருளில் அரசே அறிவுறுத்துகிறது. அந்தப் பேனர் பல இடங்களில் எழுத்துத் தெரியாத உயரத்தில் கட்டப்படும், அல்லது கூட்டம் முடிந்ததும் சுருட்டப்படும். அதையும் படம் எடுத்து, முந்தைய கூட்டத்தின் படத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாச் செலவையும் ஒரே நாளில் கிளற முயன்றால் கூட்டம் கூச்சலில் முடியும். கூச்சலில் முடிந்த கூட்டம் கணக்குக் காட்ட விரும்பாதவருக்குத்தான் வசதி. மூன்று வரிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆளைப் பற்றிப் பேசாமல் செலவு இனத்தைப் பற்றிப் பேசுங்கள். "யார் தின்றது?" என்ற கேள்விக்குப் பதில் வராது, "ஜூன் மாதத்தில் எந்தக் கம்பங்களில் விளக்கு மாற்றினீர்கள்?" என்பதற்கு ஏதாவது ஒரு பதில் வந்தே தீரும், அதைச் சரிபார்க்கவும் முடியும்.

கோரிக்கையைத் தீர்மானமாக்கும்போது சொற்களில் கவனம் வேண்டும். "சாலைப் பணி வெளிப்படையாக நடக்க வேண்டும்" என்ற தீர்மானத்தால் யாருக்கும் எந்தக் கடமையும் வராது. "தெற்குத் தெரு சாலைப் பணியின் மதிப்பீடு, அளவைப் புத்தகம், பட்டியல் ஆகியவற்றின் நகல்களை ஊராட்சிச் செயலர் 15 நாள்களுக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்" என்று எழுதினால், பணியும் ஆளும் நாளும் ஏட்டில் ஏறிவிடுகின்றன.

பட்டியலையும் பொருளையும் ஒப்பிடுதல்

பெரிய ஒப்பந்தங்களைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால் மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கசிவது தெருவிளக்கு, மோட்டார், பிளீச்சிங் பவுடர், குழாய் உடைப்பு ஆகிய நான்கு இனங்களில்தான். தொகை சிறியது என்பதால் தணிக்கையும் மேலோட்டமாகவே போகும்.

தெருவிளக்குக்கு ஒரு நாள் வேலை போதும். ஊரிலுள்ள கம்பங்கள் அனைத்துக்கும் வண்ணத்தில் எண் எழுதுங்கள். விளக்கு எரியாத புகாரையும் மாற்றிய தேதியையும் அந்த எண்ணைக் குறிப்பிட்டே பதியச் சொல்லுங்கள். அதன்பின் "40 பல்பு வாங்கியது" என்ற பட்டியல் 40 கம்ப எண்களைக் காட்டியாக வேண்டும். எல்.இ.டி. விளக்குகளைப் பெரும்பாலும் உத்தரவாதக் காலத்தோடு விற்கிறார்கள் என்பதால், அந்தக் காலத்துக்குள் பழுதானதைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தாரா அல்லது மறுபடி காசு கொடுத்து வாங்கப்பட்டதா என்றும் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துக் கேட்கலாம்.

மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவு ஓர் ஆண்டில் மூன்று நான்கு முறை வந்திருந்தால், அந்த மோட்டாரின் தகட்டில் உள்ள வரிசை எண் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டாரை மேலே தூக்கினால் அந்தத் தெருவுக்கு இரண்டு மூன்று நாள் தண்ணீர் வராது. எந்த வாரம் தண்ணீர் வரவில்லை என்பதைத் தெருவிலுள்ள பெண்கள் நாள் தவறாமல் சொல்வார்கள். அவர்கள் சொன்ன நாளையும் பட்டியலின் தேதியையும் ஒப்பிட்டாலே உண்மை பாதி வெளியே வந்துவிடும். மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்த தேதியைத் தொட்டியின் மேல் எழுதும் வழக்கத்தையும் இதே நோக்கில் வற்புறுத்தலாம். ஏணியில் ஏறாமலேயே அடுத்த தேதியை மட்டும் மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு என்பதால், தொட்டி இயக்குபவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

பட்டியல் கொடுத்த கடை உண்மையிலேயே இருக்கிறதா என்பதை வீட்டிலிருந்தே பார்க்க முடியும். பட்டியலில் உள்ள 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை அதற்குரிய அரசுத் தளத்தில் தேடினால், நிறுவனத்தின் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா, ரத்தானதா என்பவை தெரியும். தமிழ்நாட்டில் பதிவான எண் 33 என்று தொடங்கும். துணிக்கடையின் பெயரில் உள்ள எண், குழாய் வாங்கிய பட்டியலில் இருந்தால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

சாலையையும் வாய்க்காலையும் பொறுத்தவரை காலம் முக்கியம். நீளமும் அகலமும் எப்போது வேண்டுமானாலும் அளவு நாடாவில் கிடைக்கும். கனமோ வேலை முடிந்த பிறகு மண்ணுக்குள் மறைந்துவிடும். ஆகவே கான்கிரீட் கொட்டும் நாளில் போய், ஓரத்தில் அடித்த பலகையின் உயரத்தை அளந்து படமெடுக்க வேண்டும். பேவர் பிளாக் பாவும்போது ஒரு கல்லின் கனத்தையும் அடியில் பரப்பும் மணலின் கனத்தையும் அளக்க வேண்டும். மதிப்பீட்டுத் தொகை, நீள அகலம், ஒப்பந்ததாரர் பெயர் ஆகியவற்றோடு பெயர்ப்பலகை வேலை தொடங்கும்போதே வைக்கப்பட வேண்டும். முடிந்தபின் வைக்கும் பலகை திறப்பு விழாவுக்குத்தான் உதவும். ஒரே வேலைக்கு இரண்டு திட்டங்களில் பணம் எடுக்கப்படுவதும் உண்டு. தெருவின் பெயரைச் சற்று மாற்றி எழுதினால் போதும், இரண்டும் வேறு வேறு பணிகள் போலத் தோன்றும். இதைக் கண்டுபிடிக்கத் தெருவாரியாக எந்த ஆண்டு என்ன வேலை நடந்தது என்று ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வரவுப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஊராட்சிக் குளத்தின் மீன்பாசிக் குத்தகை, பட்ட மரங்களின் ஏலம், கடை வாடகை ஆகியவை முதல் கணக்கில் ஏற வேண்டியவை. "கோயில் கொடைக்குப் போய்விட்டது" என்று ஊர்ப் பெரியவர்களே சொல்லி முடித்துவிடும் இடங்கள் உண்டு. கொடை நடப்பது நல்லதுதான். அதற்கு ஊரார் தனியாக வரி பிரிக்கட்டும். ஊராட்சிப் பணத்தை அப்படி எடுக்கப் பழகிய ஊர், அடுத்து வருபவர் அதைத் தன் வீட்டுக்கு எடுக்கும்போது கேள்வி கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறது.

தகவல் கேட்கும் முறை

கேட்டும் காட்டாவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், 6(3) பிரிவின்படி உரிய இடத்துக்கு 5 நாள்களுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

மனு தோற்பது பெரும்பாலும் கேள்வியின் அமைப்பால். "ஏன் சாலை தரமில்லை?" என்பது தகவல் ஆகாது, ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்க வேண்டும். ஐந்து ஆண்டுக் கணக்கை மொத்தமாகக் கேட்டால், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் பெரும் தொகையைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அதைவிட, ஒரு காலாண்டின் ரொக்கப் புத்தகத்தையும் ஒரு பணியின் அளவைப் புத்தகத்தையும் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். பார்வையிடும் முதல் மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. பணியிடத்தை ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றிட்டுப் பெறவும்கூடச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. இருவராகச் செல்லுங்கள், ஒருவர் படிக்க, ஒருவர் எழுதட்டும்.

பெயர்ப் பட்டியலை உரக்கப் படித்தல்

கூலிப் பட்டியல், வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியல் போன்றவற்றுக்கு வேறு முறை இருக்கிறது. ராஜஸ்தானில் அருணா ராய் உள்ளிட்டோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் பொது விசாரணை ஒன்றை நடத்தியது. வேலை நடந்ததாகக் காட்டிய பதிவேடுகளில் இருந்த பெயர்களை ஊர் நடுவே ஒவ்வொன்றாகப் படித்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்களே தாங்கள் அந்த வேலைக்குப் போகவில்லை என்று எழுந்து சொன்னார்கள். "நம் பணம், நம் கணக்கு" என்ற அவர்களுடைய முழக்கத்திலிருந்துதான் தகவல் உரிமைக்கான கோரிக்கை நாடெங்கும் பரவியது. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கையைக் கொண்டுவந்ததும் இதன் தொடர்ச்சியே.

நம் ஊரில் இதைச் செய்யும்போது, பட்டியலை முதலிலேயே பொதுக் கூட்டத்தில் படிக்காமல், தெருத்தெருவாக வீட்டு வாசலில் படித்துச் சரிபார்த்துவிட வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணிடம், கூட்டத்தில் எழுந்து பணித்தளப் பொறுப்பாளருக்கு எதிராகச் சாட்சி சொல்லச் சொல்வது நியாயமில்லை. நாளைக்கும் அவர் அதே ஆளிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். வாசலில் கிடைத்த விவரங்களைத் தொகுத்து, "பட்டியலில் உள்ள இன்னின்ன பெயர்கள் பொருந்தவில்லை" என்று குழுவாகச் சொன்னால் தனியாள் யாரும் சிக்க மாட்டார். இறந்தவர் பெயரும், வெளியூரில் நிரந்தரமாக இருப்பவர் பெயரும் யாருடைய சாட்சியும் இல்லாமலே பேசிவிடும்.

பதவியில் இருப்பவர்களுக்கு

நேர்மையாக நடக்க நினைக்கும் தலைவருக்கு இரு பக்கமும் நெருக்கடி. தேர்தலுக்கு வாங்கிய கடன் ஒரு பக்கம். ஒவ்வொரு பட்டியலுக்கும் இவ்வளவு விழுக்காடு என்று எதிர்பார்க்கும் கை மறு பக்கம். பதவியே ஊர்க் கூட்டத்தில் ஏலம் விடப்பட்டதாக வரும் செய்திகளைப் படிக்கும்போது, அந்தத் தொகையை ஏலம் எடுத்தவர் எங்கிருந்து மீட்பார் என்று ஏலம் விட்டவர்கள் ஏன் யோசிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

முதல் மாதத்திலேயே செய்ய வேண்டியது, தம் குடும்பத்தாரும் நெருங்கிய உறவினரும் ஊராட்சியில் எந்த வேலையும் எடுக்க மாட்டார்கள் என்று கூட்டத்தில் அறிவித்துப் பதிவு செய்வது. ஊராட்சியோடு ஒப்பந்தத் தொடர்பு வைத்திருப்பவர் உறுப்பினராகத் தொடரத் தகுதியிழப்பார் என்று சட்டம் சொல்வதால்தான் மைத்துனர் பெயரிலும் ஓட்டுநர் பெயரிலும் வேலைகள் எடுக்கப்படுகின்றன. ஒரு வேலைக்கு வெவ்வேறு ஆள்களிடம் வாங்கும் விலைப்புள்ளிகள் மூன்றும் ஒரே கையெழுத்தில் வந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். வாய்மொழியாக வரும் உத்தரவுக்கு, "தாங்கள் தொலைபேசியில் தெரிவித்தபடி" என்று தொடங்கும் ஒரு கடிதத்தை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பிவிட்டால், முறையற்ற உத்தரவுகள் பாதி அங்கேயே நின்றுவிடும்.

உத்திரமேரூர் என்றதும் எல்லாருக்கும் குடவோலை நினைவுக்கு வருகிறது. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு விதி: வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்பது. நிலமுடைய பிராமணர்கள் மட்டுமே இருந்த சபை அது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பட்டியலினத்தவரோ பெண்ணோ தலைவராக வந்த ஊர்களில் மட்டும் திடீரென்று கணக்குக் கேட்கும் ஆர்வம் பெருகுவதும், துணைத் தலைவர் கையொப்பமிட மறுத்து நிர்வாகத்தையே முடக்குவதும் தமிழ்நாட்டில் பலமுறை நடந்திருக்கின்றன. முந்தைய தலைவரிடம் கேட்காத கேள்வியை இவரிடம் கேட்கிறோமா என்று கேட்பவர் முதலில் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும். அதேபோல், பெண் தலைவரின் கணவர் நாற்காலியில் அமர்ந்து பேசினால், கேள்வியைத் தலைவரிடமே கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.

லஞ்சம் கேட்டால்

வீட்டுத் திட்டத்தில் பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது என்றாலும், அடுத்த தவணைக்கான பட்டியலைப் போட வேண்டியவர் கையில் அதிகாரம் இருப்பதால் லஞ்சம் அங்கே கேட்கப்படுகிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாள்களுக்குள் புகார் செய்துவிட்டால் அந்தக் குற்றம் அவரைச் சேராது. கொடுப்பதற்கு முன்பே மாவட்டத்திலுள்ள ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறை அலுவலகத்துக்குப் போவதே சிறந்தது. ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளைக் கொடுத்துக் கையும் களவுமாகப் பிடிக்கும் முறையை அவர்கள் கையாள்கிறார்கள். போவதற்கு முன் ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள். கேட்ட தேதி, இடம், தொகை, சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.

கணக்கு முறைகேட்டுக்கு ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரே உரிய இடம். விளக்கம் கேட்டு, உரிய நடைமுறைகளை முடித்தபின் தலைவரைப் பதவி நீக்கும் அதிகாரத்தை 205ஆம் பிரிவு அவருக்கு அளிக்கிறது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது ஒரு மனுவில் ஒரு முறைகேட்டை மட்டும் எழுதி, பட்டியல் நகலையும் படத்தையும் இணைத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். இருபது குற்றச்சாட்டுகளை அடுக்கிய மனுவில், நிரூபிக்க முடியாத ஒன்றைக் காட்டி மற்ற பத்தொன்பதையும் தள்ளிவிடுவது எளிது. மிரட்டல் வரக்கூடிய ஊரானால் பத்துப் பேராவது சேர்ந்து கையொப்பமிடுங்கள். மூலப்படிகளை ஊருக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

பொறுப்பு மாறும்போது

தலைவரோ செயலரோ தனி அலுவலரோ மாறும் வாரத்தில்தான் பதிவேடுகள் அதிகம் காணாமல் போகின்றன. எந்தப் பதிவேடு எந்தப் பக்கம் வரை எழுதப்பட்டுள்ளது, மூன்று கணக்குகளிலும் அன்றைய இருப்பு என்ன, நிலுவைப் பட்டியல்கள் எவை, கிடங்கில் எத்தனை பல்பு, எத்தனை மூட்டை மருந்து என்று ஓர் ஒப்படைப்புப் பட்டியல் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். அதன் ஒரு படியை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அடுத்த கிராம சபையின் முதல் பொருளாக அதைப் படிக்கச் சொல்லுங்கள்.